பெரிய வேனும் சின்னச் சிக்கனமும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில மாதங்களில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கிவிட்டது. ஓரிகன் மாநிலத்து பங்க்குகளில் பச்சைக் கொடி பறந்தால் பெட்ரோல் உண்டு, சிவப்புக் கொடி என்றால் இல்லை. நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஒற்றைப்படைத் தேதியில்தான் வரிசையில் நிற்கலாம். அமெரிக்கர்கள் சின்ன ஜப்பானியக் கார்களுக்கு மாறிய கதையாகவே இந்தக் காலம் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் ஐந்தாறு குழந்தைகளை ஏற்றிச் செல்ல வி-8 எஞ்சின் வேன் வைத்திருந்த குடும்பம் எந்தச் சின்னக் காருக்கு மாறும்? பெட்ரோல் குடிக்கும் வண்டியை நல்ல விலைக்கு வாங்கவும் அன்று ஆளில்லை. சிக்கனத்தின் உண்மையான களம் இவர்களிடம்தான் இருந்தது, அதை அரசு கவனிக்கத் தவறியது என்பதே என் கருத்து.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வேனை எப்படியாவது 5 ஆக்கினால், 10,000 கிலோமீட்டருக்கு 2,500 லிட்டர் குடித்தது 2,000 லிட்டரோடு நிற்கும். 500 லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் காரை 12.5 ஆக உயர்த்தினாலும் அதே தூரத்தில் மிஞ்சுவது 200 லிட்டர்தான். மைலேஜ் எண் காரில்தான் அதிகம் ஏறியிருக்கிறது. பணமோ வேனில்தான் அதிகம் மிஞ்சுகிறது.

அந்த ஒரு கிலோமீட்டரை எங்கே தேடுவது? உயரமும் அகலமுமாக, சுவர் போன்ற முகத்தோடு காற்றில் முட்டிக்கொண்டு போகும் வண்டிக்கு வேகம்தான் முதல் எதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 110 கிலோமீட்டர் வேகத்தை 90 ஆக்கினால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அடுத்தது டயர்: காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து, எஞ்சின் தந்த சக்தியை வெப்பமாக்கி வீணடிக்கும். இரண்டையும் சரிசெய்யக் காசு வேண்டாம். காசு கேட்டவை, மைலேஜைக் கூட்டும் என்று சொல்லிக் கடையில் விற்ற காந்தங்களும் கார்புரேட்டர் இணைப்புகளும்தான். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100க்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்தது. மிகச் சிலவற்றைத் தவிர எதிலும் பலன் தெரியவில்லை. கையில் பணமில்லாத குடும்பங்களை இந்த விளம்பரங்கள் குறிவைத்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

வேகத்தைக் குறைத்ததால் நாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லையே என்று கேட்கலாம். 1974 ஜனவரி 2இல் அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம் நெடுஞ்சாலை வேகத்தை 55 மைலுக்கு, அதாவது சுமார் 88 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்தியது; பின்னாளைய மதிப்பீட்டில் எரிபொருள் மிச்சம் ஓரிரு சதவீதம்தான். உண்மை. பலர் வரம்பை மதிக்கவில்லை, ஊருக்குள் ஓடும் ஓட்டத்தை அந்தச் சட்டம் தொடவே இல்லை. எனவே அந்தச் சதவீதம் சட்டத்தின் பலவீனத்தை அளக்கிறது. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போன வேனுக்குக் கிடைத்ததை அல்ல.

அரசு செய்திருக்கக்கூடியது வேறு: வேன்களையும் கவனித்திருக்கலாம். 1975இன் எரிசக்திச் சட்டம் கார்களின் சராசரி மைலேஜை 1985க்குள் கேலனுக்கு 27.5 மைலாக உயர்த்தச் சொன்னது. வேன்களோ இலகு லாரிகள் என்று வகைப்படுத்தப்பட்டுத் தளர்ந்த விதிக்குள் போயின. சுமையோடு சுமார் 3,850 கிலோவைத் தாண்டும் பெரிய வேன்களுக்கு அன்று விதியே இருக்கவில்லை. 1983 இறுதியில் கிரைஸ்லர் கொண்டுவந்த மினிவேன் நான்கு சிலிண்டர் எஞ்சினோடு ஏழு பேர் வரை ஏற்றியது, புதிதாக வாங்க முடிந்தவர்களுக்கு அது விடிவுதான். பழைய பெரிய வேனை இரண்டாம் கையாக வாங்கியவருக்கோ, லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று சொல்லும் அரசுச் சீட்டுகூட அந்த வண்டியில் ஒட்டப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஓடிய தூரத்தை நோட்டில் எழுதிவைத்து அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.