பெயர் எழுதப்படாத போர்வீரர்கள்

குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம், மீனம்பாக்கம் கடந்து பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் செல்வோர், நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றைக் காணலாம். தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை ஒன்று சேர்க்க 1952-ல் அமைக்கப்பட்டது அது. 856 பேர் அங்கே துயில்கின்றனர். முதல் உலகப்போரில் மாண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

நம் ஊர்களிலிருந்து போனவர்களுக்கு இந்த மரியாதை எளிதில் கிட்டவில்லை. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில், 1914–1919 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்று சொல்லும் கல் பதித்திருக்கிறார்கள். எண் உண்டு, பெயர் இல்லை. 1929-ல் பாஸ்ராவில் எழுந்த நினைவுச் சின்னத்திலும் இந்திய அதிகாரிகளுக்கே பெயர்; சாதாரணச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. இந்தப் பாகுபாட்டைப் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் கரையிறங்கிய 63-வது பாளையங்கோட்டைப் படையிலும் 61-வது பயனியர் படையிலும் தமிழர் பலர் இருந்தனர். அவர்களை எங்கே தேடுவது?

கோவில் பதிவேடுகளில் தேடலாம் என்பது நம் கருத்து. அயல்நாட்டில் இறந்தவன் ஊர் மரணப் பதிவேட்டில் இருக்கமாட்டான். அங்கே தேடி ஏமாறுவோர் பலர். திருமணப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். கைம்பெண் மறுமணம் செய்ய வந்தால், முதல் கணவன் இறந்தது உறுதியாகாமல் குரு மணமுடித்து வைக்க முடியாது. உரோமை 1868-ல் இதற்குத் தனி அறிவுரை வழங்கியது. ஆகவே அந்த மறுமணப் பதிவிலோ, அதனுடன் வைத்த கடிதத்திலோ, முதல் கணவனின் பெயரும் படைப்பிரிவும் கிடைக்கக்கூடும். கரையான் அரிக்காமல் இருந்தால்!

வீட்டில் பழைய வெள்ளிப் பதக்கம் இருக்கிறதா? முதல் உலகப்போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். உருக்கி விற்றவை போக எஞ்சியதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். ஆணையத்தின் ஏட்டில் தகப்பன் பெயரும் ஊரும்கூடச் சில இடங்களில் உண்டு. ஆனால் சவரிமுத்து, அந்தோணி, ஆரோக்கியசாமி போன்ற பெயர்களை ஆங்கிலேய எழுத்தர்கள் கேட்டபடியெல்லாம் எழுதினர். எனவே பலவிதமாகத் தேட வேண்டும்.

நம் ஊரோ, குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற புதிய ஊர். இறைமக்களில் பலர் வேறு மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். தேடவேண்டிய ஏடுகள் அவரவர் பூர்வீகப் பங்கில் இருக்கின்றன. விடுமுறையில் ஊர் செல்லும்போது அங்குள்ள பங்குத் தந்தையிடம் பணிவுடன் கேட்டுப் பாருங்கள்.

போரில் மாண்டோர் எண்ணற்றுப் போனதால், பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பர் 1915-ல் இறந்த விசுவாசிகளின் நாளன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை நிறைவேற்ற அனுமதித்தார். வரும் நவம்பர் 2-ஆம் நாள் பூசையில் வாசிக்க, உங்கள் குடும்பத்துப் போர்வீரரின் பெயரை அக்டோபர் முடிவதற்குள் எழுதித் தாருங்கள். பெயர் மறந்துபோயிருந்தால், இன்னார் பாட்டனாரின் தம்பி, இன்ன ஊர் என்று எழுதினாலும் போதும்.