வன்தட்டு மாற்றிய கதை

சென்ற மாதம் பரணிலிருந்து என் பழைய கணினியை இறக்கினேன். 2003-இல் முதுகலை ஆய்வேட்டிற்காக வாங்கியது. அதன் 40 ஜிபி வன்தட்டில், என் அப்பத்தா பாடிய ஒப்பாரிப் பாடல்களைத் தட்டச்சிட்டு வைத்திருந்தேன். ஒலிநாடா பூஞ்சை பிடித்து வீணாயிற்று. அப்பத்தாவும் இன்று இல்லை. வன்தட்டைக் கழற்றிப் புதுக் கணினியில் பொருத்திவிட்டால் போதும் என்றெண்ணினேன். ஆனால் பழையதன் பட்டைக்கம்பிக்கு 40 முனைகள். புதிய தாய்ப்பலகையிலோ 7 முனைகள் கொண்ட சாட்டா துளைகளே இருந்தன.

வன்தட்டின் வரலாறே ஒருவகையில் இந்தப் பொருந்தாமைகளின் வரலாறுதான். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் ரமாக் கணினியுடன் வெளியிட்ட முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு ஐம்பது இலட்சம் எழுத்துகள். அதை யாரும் கழற்றி மாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் 1962-இல் அதே நிறுவனத்தின் 1311 கருவி வந்தது. ஆறு தட்டுகள் கொண்ட, ஏறத்தாழ 10 பவுண்டு எடையுள்ள அடுக்கைத் தூக்குச்சட்டி போலக் கையில் எடுத்துச் சென்று, அதே வகையான வேறொரு கருவியில் வைக்கலாம். மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட தட்டு அது! பின்னாளில் தட்டும் முள்ளும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டன. 1980-இல் சீகேட் நிறுவனம் 5 எம்பி கொள்ளளவில் சிறிய வன்தட்டைக் கொணர்ந்தது. எண்பதுகளின் நடுவில் ஐடிஈ இணைப்பு உருவாயிற்று. ஒரே பட்டைக்கம்பியில் இரு தட்டுகளை மாட்டி, எது முதன்மை, எது துணை என்பதை ஜம்பர் எனும் சிறு உலோகத் துண்டால் குறிக்க வேண்டும். அதை இடம் மாற்றி வைத்துவிட்டு இரவெல்லாம் விழித்தவர்கள் இவ்வலைப்பதிவின் வாசகர்களிலும் இருக்கக்கூடும். 2003-இல், நான் அக்கணினியை வாங்கிய அதே ஆண்டில், சாட்டா தரம் வெளியாயிற்று.

கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் யுஎஸ்பி மாற்றி கொண்டுவந்தார். தட்டு சுழன்றது, கோப்புகள் தெரிந்தன. திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை!

அந்நாளில் நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டேன். அதில் 'அம்மா' என்பது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே சேமிக்கப்படுகிறது; எழுத்துரு இருந்தால்தான் அது அம்மா. அக்காலத்தில் இத்தகைய எழுத்துருக்கள் பலப்பல. அஞ்சல்வழி விவாதித்து ஆர்வலர்கள் திஸ்கி குறியேற்றத்தை அமைத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தாம், தாப் தரங்கள் வந்தன. 1991-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், தமிழக அரசு அதை ஏற்றது 2010-இல். குறை கூற எனக்குத் தகுதியில்லை. 2003-இல் என் கணினியிலேயே ஒருங்குறிக்கான 'லதா' எழுத்துரு இருந்தது. நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஓலைச்சுவடி பயின்றோர்க்கு இது புதிதன்று. சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஏடு கையில் இருந்தால் மட்டும் பாடம் கையில் இருப்பதாகாது. ஓலையில் உள்ளதைப் போலவே பாமினியிலும் கொம்பு முன்னே, மெய் பின்னே. ஒருங்குறியிலோ ஒலிக்கும் முறைப்படி மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. ஆகவே குறியேற்ற மாற்றி எழுத்துக்கு எழுத்து ஈடு வைத்தால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும்.

மாற்றியின் உதவியால் பதினான்கு பாடல்கள் மீண்டன. பதினைந்தாவதை ஏனோ வேறோர் எழுத்துருவில் தட்டச்சிட்டு, வெற்றுரையாக நோட்பேடில் சேமித்திருக்கிறேன். எழுத்துருவின் பெயர்கூட அதில் இல்லை. ஒப்பாரியில் திரும்பத் திரும்ப வரும் விளிச்சொல் எதுவாயிருக்கும் என்று ஊகித்து, அதனைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கண்டெடுத்து வருகிறேன். இதுவரை ஒன்பது எழுத்துகள் கிடைத்துள்ளன.