ஜப்பானியச் சித்திரப் படங்களில் முதல்நூலும் வழிநூலும்

சில நாட்களுக்கு முன்பு, கல்லூரி மாணவர் இருவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு படத்தைப் பற்றிக் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஜப்பானில் 2013-இல் வெளிவந்த ‘லிட்டில் விட்ச் அகாடமியா’ என்னும் குறும்படம் அது. சூனியக்காரச் சிறுமியர் பயிலும் ஒரு பள்ளியின் கதை. “இதிலே புதுமை என்ன இருக்கிறது ஐயா? ஹாரி பாட்டர் கதையைப் பாவாடை கட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்” என்றார் ஒருவர். “புதுமை இல்லையென்றால், இதன் அடுத்த பகுதிக்காக உலகமே ஏன் ஈராண்டு காத்துக் கிடந்தது?” என்று கேட்டார் மற்றவர். தீர்ப்புச் சொல்லும்படி இருவரும் என்னை வேண்டினர்.

நானோ வரலாற்று மாணவன். தீர்ப்புச் சொல்வது என் தொழிலன்று. முதலில் என் மனமும் முன்னவர் பக்கமே சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், இவ்வழக்கு எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிச் சென்று பார்த்தபோது, என் எண்ணம் மாறலாயிற்று. அந்தப் பயணத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஜப்பானியர் தம் சித்திரப் படங்களை ‘அனிமே’ என்று சுருக்கி வழங்குவர். சொல்லே ‘அனிமேஷன்’ என்னும் அயல்மொழிச் சொல்லின் குறுக்கம். கலையும் அவ்வாறே கடல் கடந்து வந்தது. பிரெஞ்சு நாட்டிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த சிறு சித்திரப் படங்கள் ஜப்பானியக் கொட்டகைகளில் காட்டப்பட்டன. மக்கள் அவற்றை விரும்பினர். 1917-இல் ஷிமோகாவா ஒதென், கோவுச்சி ஜுனிச்சி, கித்தயாமா சேத்தாரோ என்னும் மூவர் தம் நாட்டிலேயே அத்தகைய படங்களை ஆக்கி வெளியிட்டனர். அவை யாவும் குறும்படங்களே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆகவே, அனிமேயின் வரலாறு குறும்படத்திலேயே தொடங்குகிறது.

அக்காலப் படங்களுள் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. 1923-ஆம் ஆண்டின் பெரு நிலநடுக்கம் தோக்கியோ நகரோடு பல கலைச் செல்வங்களையும் விழுங்கிற்று. எனினும், கோவுச்சி ஆக்கிய ‘நமக்குரா கதானா’ என்னும் சில நிமிடப் படம் ஒன்று, ஒசாக்கா நகரத்துப் பழம்பொருள் சந்தையில் கிடைத்து, 2008-இல் மீண்டும் மக்களுக்குக் காட்டப்பட்டது. மழுங்கிய வாளை வாங்கிவந்த ஒரு சாமுராய், அதை வழிப்போக்கர்மேல் சோதிக்க முயன்று, தானே அடிபட்டு விழுகிறான். கருவி அயல்நாட்டது, ஆனால் அந்த நகைச்சுவையும், அந்த வாளும், அந்த வீரனின் வெற்றுப் பெருமையும் ஜப்பானிய மண்ணுக்கே உரியவை.

நம் இலக்கண ஆசிரியர்கள் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பிரித்தனர். வழிநூல் என்பது முன்னைய நூலை ஒட்டிச் சென்று, வேண்டிய இடத்தில் வேறுபாடு செய்வது. அதை அவர்கள் திருட்டு எனக் கருதவில்லை. மதிப்பிற்குரிய ஒரு வகையாகவே வைத்தனர். இந்த அளவுகோலை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோன்றிய பெருங்கலைஞர் தெசுக்கா ஒசாமு. வால்ட் டிஸ்னியின் படங்களில் அவருக்கு அளவற்ற ஈடுபாடு. டிஸ்னியின் ‘பாம்பி’ படத்தை எண்பது முறைக்கு மேல் பார்த்தவர் என்பர். அவர் வரைந்த முகங்களின் பெரிய கண்களில் அமெரிக்கச் சித்திரங்களின் சாயல் தெளிவாகவே உண்டு. அவர் 1950 முதல் 1954 வரை எழுதிய ‘ஜங்குரு தைத்தெய்’ என்னும் சிங்கக் கதை, 1965-இல் வண்ணத் தொலைக்காட்சித் தொடராயிற்று. பின்னர் வந்தது ஒரு விந்தையான திருப்பம். தெசுக்கா 1989-இல் மறைந்தார். 1994-இல் டிஸ்னி நிறுவனம் ‘தி லயன் கிங்’ படத்தை வெளியிட்டபோது, அது தெசுக்காவின் சிங்கத்தை ஒத்திருக்கிறது என்று ஜப்பானிய ஓவியர் பலர் கையொப்பமிட்டு முறையிட்டனர். டிஸ்னி தரப்பினர் அதை மறுத்தனர். தெசுக்காவின் நிறுவனமோ வழக்குத் தொடரவில்லை. கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று பிரித்தறிவது எத்துணை அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சூனியக்காரச் சிறுமியர் கதைக்கும் இத்தகைய குலவரிசை ஒன்றுண்டு. ‘பிவிட்ச்டு’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் 1964-இல் தொடங்கி, 1966-இல் ஜப்பானிலும் காட்டப்பட்டது. மந்திரம் அறிந்த ஒரு பெண் சாதாரண மனிதனை மணந்து இல்லறம் நடத்தும் கதை அது. அதனால் தூண்டப்பட்ட யொக்கோயாமா மித்சுதெரு ‘மாந்திரிகச் சிறுமி சாலி’யைப் படைத்தார். அதே 1966-இன் இறுதியில் தோயெய் நிறுவனம் அதைச் சித்திரத் தொடராக்கிற்று. மனையாள் சிறுமியானாள்; மந்திர நாட்டின் இளவரசி மனிதர் நாட்டுக்கு வந்தாள். அந்த ஒரு மாற்றத்திலிருந்து, இன்றளவும் கிளைத்து வளரும் ஒரு படவகையே பிறந்துவிட்டது.

இனி, நம் மாணவர்களின் வழக்குக்கு வருவோம்.

ஜப்பானில் சித்திரப் படத் தொழில் பெருகியும், அதில் உழைக்கும் இளைஞரின் வருவாய் பெருகவில்லை. 1963-இல் தொடங்கிய ‘தெத்சுவான் அத்தோமு’ தொடரைத் தெசுக்கா குறைந்த விலைக்குக் கொடுத்ததே இக்கேட்டின் வேர் எனக் கருதுவோர் பலர். அதை மறுப்போரும் உளர். இதற்கிடையே, தொடக்க நிலையினர் வரைந்து பழகும் இடைச்சித்திர வேலையிற் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குச் சென்றுவிட்டது. பழகும் வாய்ப்பே இல்லாதபோது அடுத்த தலைமுறை எங்ஙனம் உருவாகும்? இக்கவலையால் ஜப்பானிய அரசின் பண்பாட்டுத் துறை, 2010 முதல் இளம் ஓவியரைப் பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்றுக்குப் பொருளுதவி செய்தது. ஆண்டுதோறும் நான்கு நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கப்படும்; இளைஞர்கள் மூத்தோர் மேற்பார்வையில் நிறுவனத்துக்கொரு குறும்படம் ஆக்கவேண்டும். படம் ஒன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் யென்.

2011-இல் தோன்றிய டிரிகர் என்னும் சிறு நிறுவனம், யொஷினாரி யோ என்பவரின் இயக்கத்தில் இத்திட்டத்தின்கீழ் ஆக்கியதே நாம் பேசும் படம். அது 2013 மார்ச்சில் கொட்டகைகளில் வெளிவந்தது. பின்னர் ஆங்கில எழுத்துக்களுடன் இணையத்தில் இலவசமாகக் காட்டப்பட்டபோது, பல நாட்டு இளைஞர் அதைக் கண்டு களித்தனர். இன்னும் வேண்டும் என்றனர். அவ்வாண்டு ஜூலையில், அடுத்த படத்தின் நீளத்தைப் பதினைந்து நிமிடம் கூட்டுவதற்காக 1,50,000 டாலர் வேண்டுமென நிறுவனம் மக்களிடமே கேட்டது. சில மணி நேரத்திலேயே அத்தொகை சேர்ந்தது. முடிவில் 6,25,000 டாலருக்கு மேல் குவிந்தது. கொடுத்தவர்கள் செல்வந்தர் சிலர் அல்லர். ஏறத்தாழ எண்ணாயிரம் சாதாரண ரசிகர்கள்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. பணம் கொடுத்தவன் எதற்குக் கொடுத்தான்? தான் ஏற்கெனவே விரும்பிய ஒன்று மீண்டும் வரவேண்டும் என்பதற்காகவே கொடுத்தான். ஆனால் அது முன்னதைப் போலவே இருந்தால் “புதுமை எங்கே?” என்பான், முற்றிலும் மாறினாலோ “நான் விரும்பியது இதுவன்று” என்பான். எதிர்பார்ப்பு என்பது கலைஞனுக்குத் தோள்கொடுக்கும் துணை. அதுவே அவன் தோள்மேல் ஏறிய சுமையும் ஆகும்.

இப்போது கதையைச் சற்று நோக்குங்கள். ஹாரி பாட்டர் மந்திரவாதிகளின் மகன்; அவனுக்கு மந்திரம் பிறப்பால் வந்தது. இக்குறும்படத்தின் நாயகி அக்கோவுக்கோ அத்தகைய குலம் இல்லை. சிறுவயதில் மேடையிற் கண்ட ஒரு மந்திரக் காட்சியில் மனத்தைப் பறிகொடுத்து, தானும் அவ்வாறு ஆகவேண்டும் என்று பள்ளிக்கு வருகிறாள். அவள் போற்றும் அந்த மேடைக்காரியைப் பழங்குலத்தார் ‘வெறும் வேடிக்கை காட்டுபவள்’ என்று இகழ்கின்றனர். சாலி மந்திர நாட்டிலிருந்து மனிதரிடம் வந்தாள்; அக்கோ மனிதரிடமிருந்து மந்திரப் பள்ளிக்குச் செல்கிறாள். பாதை பழையது, நடக்கும் திசை புதியது.

அதுமட்டுமன்று. ஒரு காட்சியைக் கண்டு மயங்கி, அதையே தொழிலாகக் கொள்ள வந்து, கை பழகாமல் தடுமாறும் அந்தச் சிறுமி யார்? அப்படத்தை வரைந்த இளம் ஓவியர்களே அவள் என்று எனக்குத் தோன்றிற்று. அவர்களும் யாரோ வரைந்ததைக் கண்டு மயங்கி வந்தவர்கள்தாமே! இதை உணர்ந்தபோதுதான் என் முதல் எண்ணம் தவறு என்று அறிந்தேன். கடன் வாங்கிய உருவத்துக்குள் அவர்கள் தங்கள் வாழ்வையே வைத்திருந்தனர்.

எதிர்பார்த்த இரண்டாம் படம் 2015-இல் நிறைவுற்றது. ஐம்பது நிமிடத்துக்கு மேல் நீண்டது. அதன் கதையைக் கேளுங்கள். சூனியக்காரர் முற்காலத்தில் துன்புறுத்தப்பட்டதை நினைவூட்டும் பழைய ஊர்வலம் ஒன்றை நடத்தும் பொறுப்பு, தண்டனையாக அக்கோவிடம் வருகிறது. அவள் அதைத் துயர ஊர்வலமாக விடாமல் மகிழ்ச்சி விழாவாக மாற்ற முனைகிறாள். அந்த முனைப்பில் தோழியரோடு பிணங்கவும் செய்கிறாள். மரபை விடவும் முடியாது, அப்படியே வைக்கவும் முடியாது என்னும் இக்கட்டையே கதைப்பொருளாக்கிக்கொண்டனர், இக்கட்டில் இருந்த அக்கலைஞர்கள். 2017-இல் இருபத்தைந்து பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரும் வந்தது. பயிற்சிக்காகத் தொடங்கிய சிறு படம் பெருமரமாயிற்று.

ஆகவே, திண்ணையில் இருந்த மாணவர்களுக்கு நான் சொன்ன விடை இதுதான். முன்னோர் இல்லாத படைப்பு என ஒன்றை நான் வரலாற்றில் கண்டதில்லை. “இது எதைப் போலிருக்கிறது?” என்பது வாதத்தின் தொடக்கமே, முடிவன்று. “போலிருந்தும் எங்கே பிரிகிறது? ஏன் பிரிகிறது?” என்று அடுத்துக் கேளுங்கள். பிரியாத இடத்தை நகல் எனத் தயங்காமல் சொல்லுங்கள். பிரியும் இடத்தில் ஒருவன் தன் உள்ளத்தை வைத்திருக்கிறான் என்றால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

உங்களுள் சிலர் நாளை எழுதலாம், வரையலாம், படம் எடுக்கலாம். “எல்லாவற்றையும் முன்னோர் செய்துவிட்டனரே” என்று சோர்ந்து எழுதுகோலைக் கீழே வைத்துவிடாதீர்கள். 1917-இல் அந்த மூவரும் அவ்வாறு எண்ணியிருந்தால், அக்கோ பிறந்திருக்கமாட்டாள். நாம் வாதிடுவதற்கும் ஒன்றும் இருந்திராது.