முப்பது வருடம் ஒரே நாற்காலி: அமெரிக்கப் பள்ளி ஹாக்கியின் பயிற்சியாளர்கள்

ஹாக்கி என்றவுடன் நம்மில் பலருக்கும் தயான் சந்தும் தன்ராஜ் பிள்ளையும்தான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் அதே சொல்லுக்கு அர்த்தமே வேறு. அங்கே புல்தரையும் இல்லை, பந்தும் இல்லை. உறைந்த பனித்தளம், காலில் ஸ்கேட், பந்துக்குப் பதில் 'பக்' என்ற தட்டையான ரப்பர் வில்லை. கனடா எல்லையை ஒட்டிய மின்னசோட்டா மாநிலத்தில் இந்த ஐஸ் ஹாக்கி கிட்டத்தட்ட ஒரு திருவிழா. மார்ச் மாதம் பள்ளிகளுக்கான மாநிலப் போட்டி நடக்கும்போது ஊர் ஊராகக் கிளம்பி வருவார்கள்.

அந்தப் பள்ளி ஹாக்கியின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். தொழில்முறை அணிகளில் பயிற்சியாளர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். பள்ளிகளிலோ ஒரே மனிதர் 30 வருடம், 40 வருடம் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். இது எப்படி நடந்தது? இப்போது ஏன் கடினமாகிவிட்டது?

சுரங்க ஊரின் வாத்தியார்

முதலில் ஈவ்லெத். மின்னசோட்டாவின் வடக்கே, இரும்புச் சுரங்கங்களை நம்பி உருவான சின்ன ஊர். பின்லாந்து, ஸ்லோவேனியா, குரோஷியா, இத்தாலி என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து ஆடியது ஹாக்கி. 1922ல் ஊருக்கு 'ஹிப்போட்ரோம்' என்ற உள்ளரங்கமும் வந்தது.

அங்கே 1920 முதல் 1958 வரை பள்ளிப் பயிற்சியாளராக இருந்தவர் கிளிஃப் தாம்சன். மொத்தம் 38 ஆண்டுகள்! அவருடைய பள்ளி அணிகள் வென்றவை 534 ஆட்டங்கள், தோற்றவை வெறும் 26, சமன் 9. மின்னசோட்டாவில் பள்ளிகளுக்கான மாநில ஹாக்கிப் போட்டி 1945ல்தான் தொடங்கியது. முதல் கோப்பையே ஈவ்லெத்துக்கு. பிறகு 1948, 1949, 1950, 1951 என்று தொடர்ந்து நான்கு. அந்த நான்கு வருடங்களில் தொடர்ச்சியாக 69 வெற்றிகள். அந்த அணியின் நட்சத்திரம் ஜான் மயாசிச். 1956 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவை அமெரிக்கா 4-1 என்று வீழ்த்தியபோது மூன்று கோல் போட்டவர் இவர்தான்.

அதே ஆட்டத்தில் அமெரிக்காவின் கோல்கீப்பராக நின்றவரும் ஈவ்லெத் பையன்தான். பெயர் வில்லர்ட் ஐகோலா. 1948 முதல் 1950 வரை கோப்பை வென்ற மூன்று பள்ளி அணிகளுக்கும் கோல் காத்தவர். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தாம்சன் ஓய்வுபெற்ற அதே 1958ல் ஐகோலா வேறொரு ஊரில் பள்ளிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். குரு விட்ட வருடத்தில் சிஷ்யன் தொட்டான் என்று சொல்லலாம்.

பதினோராவது சீசனில் வந்த கோப்பை

ஐகோலா சேர்ந்த ஊர் ஈடைனா. மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய புறநகர். அன்றைக்கு ஹாக்கி வரைபடத்தில் அதற்குப் பெரிய இடம் கிடையாது. வடக்கே உள்ள சுரங்க ஊர்களும் எல்லை ஊர்களும்தான் ராஜா.

அவருடைய முதல் சீசன் முடிவைப் பாருங்கள்: 4 வெற்றி, 9 தோல்வி, 5 சமன். ஒலிம்பிக் பதக்கக்காரர் வந்து பயிற்சி கொடுத்தும் இதுதான் நிலைமை. பள்ளி அவரை மாற்றவில்லை. அவரும் ஓடிவிடவில்லை. அவர் மாநிலக் கோப்பையைத் தொட்டது 1969ல். அதாவது பதினோராவது சீசனில்!

இடைப்பட்ட பத்து வருடங்கள்தான் இந்தக் கதையின் உயிர். சின்னப் பிள்ளைகளுக்கான அணிகள் ஊரில் பெருகின. 1965ல் 'பிரேமார்' என்ற உள்ளரங்கம் திறக்கப்பட்டது. ஐந்து ஆறு வயதில் ஸ்கேட் கட்டிய பையன் பதினாறு வயதில் பள்ளி அணிக்கு வரும்போது, அவன் பார்க்கும் பயிற்சியாளர் முன்பே தெரிந்த முகம். இந்த அறுவடைக்குக் குறைந்தது பத்து வருடம் ஆகும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் விதைத்தவர் ஒருவர், தண்ணீர் விட்டவர் ஒருவர், பாதியில் வெட்டிப் போட்டவர் இன்னொருவர் என்றாகிவிடும்.

1969 இறுதி ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. எதிரணி எல்லை ஊரான வாரோட். அதன் நாயகன் ஹென்றி பூஷா என்ற பூர்வகுடி இளைஞர். அவர் ஆட்டத்தின் நடுவே காயம்பட்டு வெளியேறினார். கூடுதல் நேரம் வரை போய் ஈடைனா 5-4 என்று வென்றது. அதன்பின் 1971, 1974, 1978, 1979, 1982, 1984, 1988 என்று கோப்பைகள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் 1972ல் ஊர்ப் பள்ளி கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. ஐகோலா கிழக்குப் பள்ளியில் இருந்தபடியே மூன்று கோப்பைகளை வென்றார். 1981ல் பள்ளிகள் மீண்டும் ஒன்றாயின. 1991ல் அவர் ஓய்வுபெறும்போது கணக்கு இது: 33 சீசன், 616 வெற்றி, 8 மாநிலக் கோப்பை.

அவருக்குப் பிறகும் ஈடைனா சரிந்துவிடவில்லை. பார்ட் லார்சன் காலத்தில் 1997லும், தொழில்முறை வீரராக இருந்த கர்ட் ஜைல்ஸ் காலத்தில் 2010, 2013, 2014, 2019லும் கோப்பைகள் வந்தன. பொறுமையாகக் கட்டிய வீட்டில் அடுத்தவர் குடியேறுவது சுலபம்தானே.

இன்னும் இரண்டு பேர்

ஐகோலா ஒரு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். கனடா எல்லையில் காகித ஆலையை நம்பி வாழ்ந்த இன்டர்நேஷனல் ஃபால்ஸ் என்ற ஊரில் லாரி ராஸ் 1954 முதல் 1985 வரை இருந்தார். 566 வெற்றி, 6 கோப்பை. 1972 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் மைக் கரன், கீத் கிறிஸ்டியன்சன், டிம் ஷீஹி என்று மூன்று பேர் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளியில் ஆடியவர்கள்.

கிழக்குக் கடற்கரையில், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வூன்சாக்கெட்டில், மவுண்ட் செயின்ட் சார்ல்ஸ் என்ற கத்தோலிக்கப் பள்ளி. அங்கே பில் பெலைல் 1975ல் பொறுப்பேற்றார். அதற்கு முன் அவர் செய்தது அதே பள்ளியின் பனித்தளத்தைப் பராமரிக்கும் வேலை. 1978 முதல் 2003 வரை தொடர்ந்து 26 மாநிலக் கோப்பைகள்! அவரிடம் ஆடிய பிரையன் லாட்டன் 1983லும், பிரையன் பெரார்ட் 1995லும் தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்கள். மகன் டேவும் அப்பாவோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தார். பெலைல் ஆயிரம் வெற்றிகளைத் தாண்டி, 90 வயதை நெருங்கும்போது, 2019ல் விலகினார். 2022ல் காலமானார்.

எது அவர்களை நிற்க வைத்தது?

திறமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி சூழ்நிலை.

முதலாவது, பள்ளிப் பயிற்சியாளர் பொறுப்பு முழுநேர வேலை அல்ல. வழக்கமாக அதே பள்ளியின் ஆசிரியர் மாலையில் செய்யும் கூடுதல் வேலை, அதற்கு ஒரு சிறு தொகை. வகுப்பில் பார்க்கும் பையனையே மாலையில் பனித்தளத்திலும் பார்ப்பார். ஊரைவிட்டுப் போக அவருக்கும் அவசியம் இல்லை.

இரண்டாவது, பிள்ளைகள் வேறெங்கும் போக மாட்டார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகன் அந்த ஊர்ப் பள்ளியில்தான் படிப்பான், அந்த ஊருக்காகத்தான் ஆடுவான்.

மூன்றாவது, பள்ளி நிர்வாகமும் ஊரும் காத்திருந்தன. ஐகோலாவுக்குக் கிடைத்த அந்தப் பத்து வருடம் இதற்குச் சாட்சி.

பிறகு என்ன ஆயிற்று?

இந்த மூன்று தூண்களும் ஒவ்வொன்றாக ஆடின. சுரங்கங்களில் ஆட்கள் குறைந்தார்கள், ஊர்கள் சுருங்கின. ஈவ்லெத் பள்ளியே பின்னாளில் பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு இணைக்கப்பட்டது. 1980களின் இறுதியில் மின்னசோட்டா, மாணவர்கள் தாங்கள் வசிக்கும் எல்லைக்கு வெளியே உள்ள அரசுப் பள்ளியிலும் சேரலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. படிப்புக்காகக் கொண்டுவந்த சட்டம்தான். ஆனால் நல்ல ஹாக்கி அணியைத் தேடிப் போகவும் அது கதவைத் திறந்தது. 1996ல் மிச்சிகன் மாநிலத்தில் இளம் வீரர்களுக்கான தேசியப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. சிறந்த பையன்கள் பள்ளிப் படிப்பு முடியும் முன்பே அங்கேயும் ஜூனியர் லீக்குகளுக்கும் கிளம்பினார்கள். பத்து வருடம் வளர்த்த பையன் கடைசி வருடத்தில் இல்லையென்றால் பயிற்சியாளர் என்ன செய்வார்?

இன்னொன்று பணம். பனித்தள வாடகை, ஸ்கேட், கவசம், கோடைக்கால முகாம் என்று பெற்றோர் சிறு வயதிலிருந்தே செலவழிக்கிறார்கள். ஹாக்கியில் ஒரு அணியிலிருந்து ஒரே நேரத்தில் களத்தில் இருப்பவர்கள் கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர்தான். ஆட்டத்துக்கு உடை மாட்டுபவர்களோ சுமார் 20 பேர். யார் எத்தனை நிமிடம் ஆடினான் என்பது மாடியில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அப்பட்டமாகத் தெரியும். "என் பையனை ஏன் உட்கார வைத்தீர்கள்?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. அது கடிதமாகி, பள்ளி வாரியத்தின் மேஜைக்குப் போகிறது. ஆசிரியர் வேலைக்குப் பாதுகாப்பு உண்டு. பயிற்சியாளர் பொறுப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் கதை முடிந்தது.

இது எந்த அளவுக்குப் போனது என்றால், 2013ல் மின்னசோட்டா சட்டமன்றமே தலையிட்டது. பெற்றோர் புகார் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பயிற்சியாளரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடக்கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். யோசித்துப் பாருங்கள்... பள்ளி விளையாட்டு வாத்தியாரின் வேலையைக் காக்க ஒரு மாநிலம் சட்டம் போட வேண்டியிருந்தது!

மறுபக்கம்

இதையெல்லாம் படித்துவிட்டு "அந்தக் காலம் மாதிரி வராது" என்று பெருமூச்சு விடுவதும் சரியல்ல. நீண்ட காலம் இருப்பது தானாகவே நல்லது ஆகிவிடாது. ஒரே மனிதர் முப்பது வருடம் கேள்வி கேட்பாரின்றி இருந்தால், கடுமை கொடுமையாக மாறினாலும் கேட்க ஆளிருக்காது. அன்று பெற்றோர் வாய் திறக்காததற்குக் காரணம் எப்போதும் மரியாதைதான் என்று சொல்லிவிட முடியாது. பயமும் இருந்திருக்கும். மைதானத்தில் தன் பிள்ளை காயப்படும்போதும் அவமானப்படும்போதும் புகார் சொல்லும் உரிமை பெற்றோருக்கு இருந்தே ஆகவேண்டும். 2013 சட்டமும் அந்த உரிமையைப் பறிக்கவில்லை. புகார் மட்டுமே போதாது, வேறு காரணமும் வேண்டும் என்றுதான் சொல்கிறது. காரணத்தை எழுத்தில் கேட்கவும், வாரியத்தின் முன் பதில் சொல்லவும் பயிற்சியாளருக்கு வழி இருக்கிறது.

ஆக, பிரச்சினை பயிற்சியாளர் மாறுவதில் இல்லை. எதற்காக மாற்றப்படுகிறார் என்பதில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தீங்கு என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. நாலு வெற்றி ஒன்பது தோல்வி என்பதற்காக என்றால்?

மவுண்ட் செயின்ட் சார்ல்ஸில் பெலைல் விலகிய அதே 2019ல், வெளியூர்களிலிருந்து வீரர்களைச் சேர்த்து தேசிய அளவில் ஆடும் ஹாக்கி அகாடமி தொடங்கப்பட்டது. அங்கே வருபவர்கள் ஏற்கெனவே தேர்ந்த வீரர்கள். பத்து வருடம் காத்திருக்க வேண்டிய தேவை அந்த முறையில் இல்லை. உள்ளூர் உள்ளரங்கில் முதன்முறையாக ஸ்கேட் கட்டிக்கொண்டு தடுமாறி விழும் ஐந்து வயதுப் பையனுக்குத்தான் அந்தப் பத்து வருடம் தேவைப்படுகிறது. அவன் பதினாறு வயதில் பள்ளி அணிக்கு வரும்போது, அவனைச் சிறு வயதிலிருந்தே தெரிந்த ஒருவர் அங்கே இருப்பாரா என்பதை இன்றைக்கு அந்தப் பள்ளி வாரியங்கள்தான் முடிவு செய்கின்றன.