நெய்வேலியில் சேர்மன் என்ன செய்கிறார்?

“சேர்மன்னா என்ன சார் வேலை? வர்ற ஃபைல்ல கையெழுத்துப் போடறதுதானே?” பொதுத்துறை வேலைக்கு விண்ணப்பம் போடும் நம் கல்லூரித் தம்பிகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நாமும் ஒரு காலத்தில் கேட்டதுதான். நெய்வேலியின் வரலாற்றை வைத்து இதற்குப் பதில் சொல்லிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

கதையின் தொடக்கம் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், 1930-களில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த வட்டாரத்தில் துளையிட்டுப் பார்த்து, பழுப்பு நிலக்கரி பெரிய அளவில் இருப்பதை உறுதி செய்தது. 1953-இல் மாதிரிச் சுரங்கம் ஒன்றும் வெட்டினார்கள். அப்போது சென்னை மாநிலத்துக்கு மின்சாரம் என்றால் பைக்காரா, மேட்டூர்தான். மழை பொய்த்தால் அதுவும் பொய். நிலக்கரி வேண்டுமானால் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வர வேண்டும். ஆகவே 1954-இல் முதலமைச்சரான காமராஜர் இதை விடாமல் டெல்லியில் வற்புறுத்தியதில் ஆச்சரியமில்லை. 1956 நவம்பர் 14 அன்று கம்பெனி பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

நேரு வந்தார், நெய்வேலி ஒளிர்ந்தது என்று பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கோ அதற்கடுத்த நாலு வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் முதன்முதலாகக் கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான்! அதுவரை வெட்டியதெல்லாம் வெறும் மண். முதல் சுரங்கப் பகுதியில் கரியின் மேல் 50 மீட்டருக்குக் குறையாமல் மண் மூடியிருக்கிறது. சில இடங்களில் 90 மீட்டரையும் தாண்டும். ஒரு டன் கரி எடுக்க ஏறக்குறைய ஐந்தரை கன மீட்டர் மண்ணை அகற்றியாக வேண்டும். ஒரு சல்லிக்காசு வருமானமில்லாமல் நாலு வருஷம் மண் வெட்டுகிற நிறுவனத்துக்குத் தலைவராக இருப்பதை எண்ணிப் பாருங்கள். “கரி எங்கே?” என்று டெல்லியில் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆரம்ப ஆண்டுகளில் தலைமைப் பொறுப்பில் இருந்த டி.எம்.எஸ்.மணி சுரங்கப் பொறியாளர் அல்ல, ஐ.சி.எஸ். அதிகாரி. நம் ஆட்கள் இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள். அந்தக் கட்டத்தில் தேவைப்பட்டது மண்ணைப் புரிந்தவர் மட்டுமல்ல, அரசாங்கத்தைப் பொறுத்திருக்க வைக்கத் தெரிந்தவரும்தான் என்பது என் கணிப்பு.

மண்ணும் லேசுப்பட்டதல்ல. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத மண்வெட்டி இயந்திரங்கள் அந்த நாட்டின் மிருதுவான மண்ணுக்குப் பழகியவை. இங்கே இருந்ததோ கடலூர் மணற்பாறை. உப்புக்காகிதம் மாதிரி பற்களைத் தேய்த்துத் தள்ளிவிட்டது. பற்களை மாற்றி அமைத்து, பாறைக்கு வெடி வைத்துத் தளர்த்தி, அதற்கப்புறம்தான் இயந்திரத்தை விட முடிந்தது.

ஆனால் நெய்வேலியின் உண்மையான எதிரி அடியில் இருந்த தண்ணீர்தான். கரிப் படுகைக்குக் கீழே பிரம்மாண்டமான ஆர்ட்டீசியன் நீர்த்தேக்கம், மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. மேலிருக்கும் மண்ணின் பாரத்தை நாம் எடுத்துவிட்டால், அடித்தளமே வெடித்துச் சுரங்கம் மூழ்கிப் போகும். ஆகவே கரியைத் தொடுவதற்கு முன்பே சுற்றிலும் குழாய்க்கிணறு போட்டு, இரவு பகல் பாராமல் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். தொடங்கிய பம்புகளை நிறுத்தவே முடியாது. தீபாவளி, பொங்கல், வேலைநிறுத்தம் எதுவும் அதற்குக் கிடையாது. (இண்டஸ்ட்ரியல் விசிட் போன நம் பேட்ச்கள் எல்லாம் அந்தச் சக்கர இயந்திரத்தின் முன்னால் நின்றுதான் படம் எடுத்திருக்கின்றன. பம்ப்செட் முன்னால் யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை!)

இப்போது தலைவரின் வேலைக்கு வருவோம். பம்பு ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குக் கரி வேண்டும். கரிக்குப் பம்பு ஓட வேண்டும். நெய்வேலிக் கரியில் பாதி ஈரம். நெடுந்தூரம் கொண்டுபோய் விற்கக் கட்டுபடியாகாது. குவித்து வைத்தாலோ தானே தீப்பிடித்துக்கொள்ளும். எனவே சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையம். சுரங்கத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் அந்த நிலையம், நிலையத்துக்கு ஒரே சப்ளையர் அந்தச் சுரங்கம். கல்யாணம் மாதிரிதான், ஒருவர் படுத்தால் இன்னொருவரும் படுக்க வேண்டியதுதான். சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல் மின் நிலையத்தில் 50 மெகாவாட் கொண்ட முதல் யூனிட் 1962-இல் ஓடத் தொடங்கியது. கரி தெரிந்து ஒரு வருஷத்துக்குள்! ஒரு வருஷம் முன்பே நிலையம் தயாராகியிருந்தால் எரிக்க ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் பிந்தியிருந்தால் கரி பற்றியெரிந்திருக்கும். ஜெர்மன் இயந்திரத்தையும் ரஷ்ய டர்பைனையும் தென்னாற்காட்டுத் தண்ணீரையும் ஒரே காலண்டரில் கொண்டுவந்து நிறுத்தியதுதான் அந்தக் காலத்துத் தலைமை செய்த வேலை. 250 மெகாவாட் என்று திட்டமிட்டது 400 ஆகி, 600 ஆகி, 1970-இல் முழுமை பெற்றது. அந்த நிலையம் 2020 செப்டம்பர் வரை, ஐம்பத்தெட்டு வருஷம் ஓடியது.

இன்னொரு பக்கமும் உண்டு. தலைவர் நெய்வேலியில் உட்கார்ந்திருக்கிறார், முதலாளி டெல்லியில். விற்கிற மின்சாரத்தின் கட்டணத்தைக்கூட அவர் வைப்பதில்லை, ஒழுங்குமுறை ஆணையம் வைக்கிறது. 2006-இல் மத்திய அரசு பங்குகளை விற்க முனைந்தபோது தமிழ்நாட்டு அரசியலே கொதித்தது, விற்பனை நின்றது. 2013-இல் பங்குச்சந்தை விதிகளுக்காக மறுபடி விற்க வேண்டி வந்தபோது, அந்தப் பங்குகளைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. இந்த இரண்டு முடிவுகளும் சேர்மனின் மேஜைக்கு மேலே எடுக்கப்பட்டவை. ஆனால் ஷிஃப்டுக்குத் தொழிலாளி வருவதும் வராததும் அவர் தலையில்தான் வந்து விடியும்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தப் பதவியில் ஒருவர் பொதுவாக ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பதில்லை. சுரங்கத்தின் ஆயுளோ அரை நூற்றாண்டு. இன்று எடுக்கும் நிலத்தில் இயந்திரம் இறங்கப் பத்து வருஷம் ஆகலாம். நிலத்தைக் கொடுத்த குடும்பம் அதுவரை அங்கேயே உழுதுகொண்டிருக்கும், விலை ஏறும், அடுத்த தலைமுறை வேலை கேட்டு வாசலில் நிற்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்தது இதுதான். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வந்து நின்ற நெல் வயல்களில் இயந்திரங்களை இறக்கினார்கள். நிலம் 2006 முதல் 2013 வரை முறைப்படி எடுத்தது என்றது நிறுவனம். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். அறுவடை வரைக்கும்கூடப் பொறுக்க முடியாதா என்றார்கள் ஊர்க்காரர்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவாயிற்று.

கரியே இல்லாமல் அரசாங்கத்தை நாலு வருஷம் காத்திருக்க வைத்த இடம் அது. நெல்லுக்குத் தேவைப்பட்டது சில வாரங்கள். 2006-க்கும் 2013-க்கும் இடையில் தலைமையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்கள். 2023 ஜனவரியில் பதவிக்கு வந்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.