ஈ.ஐ.டி. பாரியில் அந்த 'டி' என்ன?

ராணிப்பேட்டையில் 'பாரி கம்பெனி'ன்னு சொன்னா யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அப்பா அங்கே வேலை பார்த்தார், மாமா அங்கேதான் ரிட்டயர் ஆனார் என்று சொல்லத் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார். உர மூட்டை, வாஷ்பேசின், வெள்ளை வெளேர்னு பீங்கான் கக்கூஸ் கோப்பை. எங்க ஊர்க்காரர்களுக்குப் பாரி என்றால் இவ்வளவுதான்.

கம்பெனியின் முழுப்பெயர் ஈ.ஐ.டி. பாரி. போன மாசம் டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான்: "ஈ.ஐ.டி.ன்னா இன்னாண்ணா?" பக்கத்தில் இருந்த பெரியவர் "ஈஸ்ட் இந்தியா..." என்று ஆரம்பித்து 'டி'யில் நின்றுவிட்டார். டிரேடிங்கா, டெவலப்மென்ட்டா?

ரெண்டும் இல்லை. டிஸ்டிலரீஸ். அதாவது சாராயம் வடிக்கிற ஆலைகள்.

நானும் இதை வேறு எதையோ படிக்கப் போய்த்தான் கவனித்தேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து பர்பன் விஸ்கிக் குடும்பங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஜேக்கப் பீம் என்பவர் ஜெர்மானிய வழிக் குடியானவர். சோளம் விளைந்தது, தானியத்தை அரைக்க ஆலை இருந்தது, மிஞ்சினதைக் காய்ச்சினார். 1795இல் முதல் பீப்பாயை விற்றார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கணக்கு. அப்புறம் மகன், பேரன் என்று தொடர்ந்து, இன்றைக்கு ஏழாவது, எட்டாவது தலைமுறை அதே தொழிலில் இருக்கிறது. உலகத்துக்கு அது 'ஜிம் பீம்'. ஜப்பானின் சன்டோரி கம்பெனி 2014இல் சுமார் 1,600 கோடி டாலருக்கு வாங்கியபோதும் குடும்பத்துக்காரர்களையே முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டது. பாட்டிலில் விற்பது பாதி சரக்கு, பாதி தாத்தா.

நம்ம பக்கம் ஏன் அப்படி ஒரு தாத்தா இல்லை? காய்ச்சத் தெரியாததாலா? அதெல்லாம் இல்லைங்க. வெல்லத்தைக் கரைத்து, வேலம்பட்டையைப் போட்டுப் புளிக்கவைத்துப் பானையில் காய்ச்சி வடிக்கிற பட்டைச் சாராயம் இந்த வடார்க்காட்டு மண்ணுக்குப் புதுசே கிடையாது. கைப்பக்குவம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த தொழில்தான் அதுவும். ஜேக்கப் பீம் கொல்லைப்புறத்தில் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் சட்டத்தில் இருந்தது. அமெரிக்காவிலும் 1791இலேயே விஸ்கிக்கு வரி போட்டார்கள், அதை எதிர்த்துக் கலகமே நடந்தது. ஆனால் வரியைக் கட்டினால் சின்னக் குடியானவனும் காய்ச்சலாம், தன் பேரிலேயே விற்கலாம். மதராஸ் மாகாணத்தில் கலால் வருமானத்தை 'ஆப்காரி' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சர்க்கார் யோசித்த வழி வேறு. ஊருக்கு ஊர் அடுப்பு எரிந்தால் யார் எவ்வளவு காய்ச்சுகிறான் என்று எண்ண முடியாது. ஒரே இடத்தில் பெரிய ஆலை இருந்தால் வாசலில் ஒரு அதிகாரியை உட்காரவைத்து, காலன் கணக்கில் வரி வாங்கிவிடலாம். அதனால் சின்ன அடுப்புகளை மூடு, பெரிய டிஸ்டிலரிக்குச் சப்ளை ஒப்பந்தம் கொடு. 1886ஆம் வருஷத்து மதராஸ் ஆப்காரிச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு முதுகெலும்பு. கென்டக்கியில் பிராண்டாக வளர்ந்த அதே வேலை இங்கே 'கள்ளச் சாராயம்' ஆயிற்று.

பெரிய ஆலை வைத்திருந்தவர்களில் ஒருவர்தான் பாரி.

தாமஸ் பாரி வேல்ஸ்காரர், 1788இல் மதராஸ் வந்து வியாபாரம் தொடங்கினார். பீமின் முதல் பீப்பாய்க்கு ஏழு வருஷம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாந்தோமில் அவர் தோல் பதனிடும் ஆலையும் வைத்திருந்தார். தோல் ஊர்க்காரனான எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. 1824இல் காலராவில் இறந்தார், கல்லறை கடலூரில் இருக்கிறது. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை அவர் காலத்துக்குப் பிறகு வந்தது. 1842 என்கிறது கம்பெனி வரலாறு. கரும்பு இருந்தால் சர்க்கரை, சர்க்கரை எடுத்தால் கழிவுப்பாகு, பாகு இருந்தால் சாராயம். ஒன்றை விட்டு ஒன்று இல்லை. 1897இல் லண்டனில் 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ்' என்று தனிக் கம்பெனியாகப் பதிவு செய்தார்கள். பெயரைக் கவனியுங்க: சர்க்கரை ரெண்டாவதுதான், முதலில் நிற்பது சாராயம். அந்தக் காலத்தில் அதை மறைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதே கம்பெனி 1906இல் ராணிப்பேட்டைக்கு வந்து சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்க ஆரம்பித்தது. பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் பதப்படுத்திப் பயிர் உறிஞ்சுகிற மாதிரி ஆக்குவதுதான் வேலை. வருஷத்துக்கு 6,000 டன் திறன். இந்தியாவில் உரத் தொழிலின் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் எங்க ஊரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இதற்கு ஐம்பது வருஷம் முன்னால், 1856இல், தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து பக்கத்து வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இனி மதுவிலக்கு. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்தார். அடுத்த வருஷம் சித்தூர், கடப்பா. 1939 அக்டோபரில் எங்க வடார்க்காடு. அந்த மாசக் கடைசியிலேயே மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது! போர்க்காலத்தில் வெள்ளைக்கார நிர்வாகம் மதுவிலக்கை நிறுத்திவைத்தது, சுதந்திரத்துக்குப் பின் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க அமலானது. குறையும் கலால் பணத்தை ஈடுகட்ட 1939இல் கொண்டுவந்த விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. கடையில் பில் வாங்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. ஜிம் பீம் என்ற ஜேம்ஸ் பீம் அந்த இடைவெளியில் ஆரஞ்சுத் தோட்டம், நிலக்கரி, கல் குவாரி என்று என்னென்னவோ முயன்று பார்த்தார், எதுவும் சரிப்படவில்லை. தடை நீங்கியபோது ஏறக்குறைய எழுபது வயது. 120 நாளில் புது ஆலை கட்டினார். 'ஓல்ட் டப்' என்ற பழைய பிராண்ட் கைவிட்டுப் போயிருந்ததால், மிச்சமிருந்த ஒரே சொத்தான தன் பெயரையே பாட்டிலில் ஒட்டினார்கள்.

இங்கே நடந்தது இதற்கு நேர் தலைகீழ். குடிக்கிற சாராயத்துக்குச் சட்டப்படி சந்தையே இல்லாமல் போன நாலு வருஷத்தில், 1952இல், ராணிப்பேட்டையில் பீங்கான் சாமான் வந்தது. அதுதான் பாரிவேர். ஒன்றினால்தான் மற்றொன்று வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வீடு கட்டுகிற நாட்டுக்குக் கழிப்பறை வேண்டியிருந்தது, அதுவும் காரணம். ஆனால் பெயர் எங்கெல்லாம் போய் உட்கார்ந்தது பாருங்க. நெல்லிக்குப்பத்தில் 1914இலிருந்தே மிட்டாய், அப்புறம் சர்க்கரைப் பை, உரச் சாக்கு, கக்கூஸ் கோப்பை. பாட்டிலில் மட்டும் இல்லை.

1975இல் கம்பெனி இந்தியப் பதிவாக மாறியபோது நீளப் பெயர் சுருங்கி 'ஈ.ஐ.டி. பாரி' ஆனது. டிஸ்டிலரீஸ் ஒற்றை எழுத்துக்குள் போய்விட்டது. 1981இல் முருகப்பா குழுமம் வாங்கியது. பள்ளத்தூர் செட்டியார் குடும்பம், பர்மாவில் தொழில் தொடங்கியவர்கள். கடைசியில் பாரி ஒரு குடும்பத்திடம்தான் வந்து சேர்ந்தது, ஆனால் அந்தக் குடும்பம் தன் பெயரைப் போடாமல் வேல்ஸ்காரர் பெயரையே வைத்துக்கொண்டது. மிட்டாய் 2004இல் கொரியாவின் லோட்டேவுக்குப் போனது, பாரிவேர் பிறகு ஸ்பெயினின் ரோகாவுக்கு.

மெக்டவல் மட்டும் விதிவிலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். ஆங்கஸ் மெக்டவல் 1826இல் மதராஸில் கடை வைத்த ஸ்காட்லாந்துக்காரர், பெயர் பாட்டிலில் நிலைத்துவிட்டது. ஆனால் 1951இல் விட்டல் மல்லையா வாங்கிய பிறகு அவர்களுடைய முதல் டிஸ்டிலரி எழுந்தது கேரளத்துச் சேர்த்தலையில், 1959இல். மதுவிலக்கு இருந்த மதராஸில் எழ வழியில்லை. குடும்பமும் கூட வரவில்லை, பெயர் மட்டும்தான் வந்தது.

நெல்லிக்குப்பத்தில் சாராயம் இன்றும் வடிகிறது. எத்தனாலாகப் பெட்ரோலில் கலக்கவும் போகிறது.

வடார்க்காடு, தென்னார்க்காடு பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது 'டிஸ்டிலரீஸ்' என்று முழுசாக எழுதின பழைய ரசீதோ, சம்பளச் சீட்டோ, ஜாடியோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீங்க. ஒரு படமாவது எடுத்து வையுங்க.