கும்மிடிப்பூண்டி வட்டார மக்கள்: ஒரு வரலாற்று நோக்கு

விடியற்காலையில் சென்னையிலிருந்து வரும் மின்தொடர் வண்டி கும்மிடிப்பூண்டி நிலையத்தில் நின்றதும், அதிலிருந்து இறங்கும் கூட்டத்தைச் சற்றே உற்று நோக்குவோம். தொழிற்பேட்டை நோக்கி விரையும் அக்கூட்டத்தில் தமிழ் கேட்கிறது, தெலுங்கு கேட்கிறது, இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. இத்தனை மொழியினர் கூடி வாழும் இவ்வட்டாரத்தின் மக்கள் யாவர்? இவர்களுள் பூர்வகுடிகள் எவர், வந்தேறிகள் எவர்? நம் இளைஞர் பலர் இக்கேள்வியை எழுப்பக் கேட்டிருக்கிறோம். நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அதற்கு விடை காண முயல்வது பொருத்தமாகும்.

முதலில் மண்ணின் பழைமையைக் காண்போம். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் கொசத்தலையாற்றை அடுத்துள்ள அத்திரம்பாக்கத்தில், 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் கற்கால மனிதரின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு தலைமையிலான அறிஞர் குழு அங்கு அகழ்ந்து ஆராய்ந்து, அக்கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் வெளியிட்டது. இன்றுள்ள எந்தச் சாதியும், எந்த மொழியும், எந்தக் கடவுளும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு மனிதர் வாழ்ந்தனர். அவர்களை எம் முன்னோர் என்று தனியுரிமை கொண்டாட இன்றைய சாதி எதற்கும் இடமில்லை.

அங்ஙனமாயின் மக்கள் உயர்ந்தோர் என்றும் தாழ்ந்தோர் என்றும் பிரிந்தது இரத்த வேற்றுமையாலா? ஆங்கிலேயர் ஆட்சியில் சிலர் அவ்வாறே கருதினர். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை இன வரிசையில் அடுக்க முனைந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தார்; தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன.

இந்த அளவுகோலையே கையில் எடுத்து அதன் பொய்மையை வெளிப்படுத்தியவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டப்படாதோர் யார் என்பது பற்றி 1948இல் அவர் வெளியிட்ட நூலில் அந்த மூக்களவைகளை ஆராய்ந்து, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தவர் என்பதற்கு அவை சான்றாகா. இரு சாராரும் ஓரினத்தவரே என்று நிறுவினார். பிற்கால மரபணு ஆய்வுகள் அவர் கருத்துக்கு அரண் செய்கின்றன. இந்தியாவின் 70க்கும் மேற்பட்ட மக்கட்குழுக்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டு மக்கள் பரவலாக ஒருவரோடு ஒருவர் கலந்தனர் என்றும், அதன் பின்னரே அகமணம் என்னும் சுவர் எழுந்து கலப்பு அரிதாயிற்று என்றும் கூறுகிறது. முதலில் கலந்தோம், பிறகே பிரிக்கப்பட்டோம். இதனை நம் இளைஞர் மனத்தில் இருத்துவாராக.

இரத்தம் பிரிக்கவில்லையெனில் பிரித்தது எது? நிலமே முதற் காரணம் எனலாம். பழைய செங்கற்பட்டுச் சீமையில் மிராசு என்னும் உரிமை வேரூன்றியிருந்தது. ஊரின் விளைநிலம் மட்டுமன்றி, தரிசும் சேரியின் மனைக்கட்டும் தமக்கே உரியவை என மிராசுதாரர் வாதிட்டனர். உழைத்தவன் கூலி கேட்டுக் குரல் எழுப்பினால் குடியிருக்கும் குடிசையையும் இழக்க நேர்ந்தது. தரிசு நிலம் வேண்டி அவன் விண்ணப்பித்தால் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. இந்நிலையை நேரிற் கண்ட செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு விரிவான அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892இல் பிறந்த ஆணைகளே பஞ்சமி நிலம் நம் மக்களுக்கு வழங்கப்பட வழி வகுத்தன. அந்நிலத்தைப் பிற வகுப்பினர்க்கு விற்றல் கூடாது என்பது அதன் நிபந்தனை. அந்நிலங்களுள் பெரும்பகுதி பின்னாளில் பிறர் கைக்குச் சென்றதையும் நாம் அறிவோம். ஊர் ஒருபுறமும் சேரி ஒருபுறமுமாக நிற்பது நிலத்தின் மேல் எழுதப்பட்ட வரலாறு. பிறப்பின் மேல் எழுதப்பட்டதன்று.

நிலத்திற்கு அடுத்தபடியாக நம்மைப் பிரித்தது எல்லைக்கோடு. ஆரம்பாக்கத்தைக் கடந்தால் தடா, அதற்கப்பால் சூளூர்ப்பேட்டை. 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை இவையனைத்தும் ஒரே சென்னை மாகாணம். திருத்தணிப் பகுதி 1960இல் நம் மாநிலத்தோடு மீண்டும் சேர்ந்தது. கோடு இடம் பெயர்ந்ததேயன்றி மக்கள் பெயரவில்லை. ஆதலால் எல்லையின் இருமருங்கிலும் இருமொழி பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

நம் மக்களின் பெயரும் இக்கோட்டால் இரண்டாயிற்று. இழிவு சுமத்தும் பழம்பெயர்களை நீக்குமாறு பெருந்தலைவர் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் முன்மொழிந்ததன் விளைவாக, 1922இல் தமிழ் மாவட்டத்தார் ஆதி திராவிடர் என்றும் தெலுங்கு மாவட்டத்தார் ஆதி ஆந்திரர் என்றும் அரசு ஏடுகளில் குறிக்கப்பட்டனர். இரண்டிலும் நிற்கும் ‘ஆதி’ ஒன்றே அன்றோ! ஆயினும் சான்றிதழ் என்று வரும்போது இக்கோடு கூர்வாளாகிறது. பட்டியல் சாதியினர் ஒருவர் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், புதிய மாநிலத்தில் அவ்வுரிமையைக் கோர இயலாது என 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில கல் தொலைவு தள்ளி வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, தீண்டாமையைச் சுமந்துகொண்டே வருகிறான். உரிமையை மட்டும் எல்லையில் விட்டு வருகிறான்.

வருவோரை மட்டுமே எண்ணிப் போனோரை மறத்தல் தகாது. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய ஒல்லாந்தர், துணி வாணிகத்தோடு மனித வாணிகமும் நடத்தினர். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் இக்கரையின் ஏழைகள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்ற தமிழருள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகப் பலர்.

1983 சூலைக் கலவரத்தைத் தொடர்ந்து இலங்கையிலிருந்து ஏதிலியராய் வந்தோருக்குக் கும்மிடிப்பூண்டியிலும் முகாம் அமைந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள் அத்தோட்டத் தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழரும் உளர். 2021இல் இம்முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றப்பட்டன. எனினும் இங்கேயே பிறந்து இங்கேயே பயின்றவர்க்கும் குடியுரிமை எளிதில் எட்டவில்லை. போனவரின் பேரர் திரும்பி வந்தால் அவரை வந்தேறி என்பதா?

ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் வாழும் இருளர் பழங்குடியினர். அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணத்திற்காகக் கொத்தடிமைகளாய் உழன்றவர்கள் அவர்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்த பின்னரும் அவ்வவலம் உடனே அகலவில்லை. அதே சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர் முதலிய பகுதிகளிலிருந்து வரும் தொழிலாளருள் தலித்துகளும் பழங்குடியினரும் மிகுதி. 1971இல் சிப்காட் நிறுவப்பட்ட பின் எழுந்த தொழிற்பேட்டை, பல மாநிலத் தொழிலாளரையும் இங்கு ஈர்த்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அத்தகைய தொழிலாளர் மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடந்தனர். அவர்களை அயலார் என்று ஏசுவோர், நம் பாட்டன்மார் கப்பலேறிய நாளை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். நம் பிழைப்பைப் பறிப்பவர் குறைந்த கூலிக்கு வரும் ஏழையா? அவரைக் காட்டி நம் கூலியையும் குறைப்பவரா? சிந்திப்பது நம் கடன்.

இறுதியாகக் கணக்கேட்டிற்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகை 37,28,104. இதில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 22 பேர். பழங்குடியினர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். இக்கணக்கிலும் நம்மவர் அனைவரும் அடங்கவில்லை. 1950ஆம் ஆண்டு ஆணை இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவம் தழுவிய நம் உறவினர், அதே தெருவில் அதே வசைச்சொல்லைக் கேட்டு வாழ்ந்தும், பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர்.

1931க்குப் பின் எல்லாச் சாதியினரையும் எண்ணி வெளியிட்ட முழுக் கணக்கு இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் எனவும், அதன் ஆதார நாள் 2027 மார்ச் 1 எனவும் 2025இல் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பாளர் நம் வாயிலில் நிற்கும்போது கூச்சத்தால் பெயரை மறைப்பதும், வீட்டில் பேசும் மொழியை மாற்றிச் சொல்வதும், ஏட்டில் எழுதப்பட்டதைப் படித்துப் பாராமல் விடுவதும் நம்மை நாமே குறைத்துக் கொள்வதாகும். பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் ஒதுக்கீட்டிற்கும் அடிப்படையாவது அந்த எண்ணிக்கையே.

ஆகவே இளைஞர்களே, பூர்வகுடி யார் என்னும் வழக்கைத் தீர்ப்பதினும் முதன்மையான பணிகள் நமக்குண்டு. உங்கள் தெருவிலுள்ள முதியோரிடம் சென்று, எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்நிலத்தை உழுதோம், அந்நிலம் யாரிடம் சென்றது என்று கேட்டு எழுதி வையுங்கள். அடங்கலிலும் சிட்டாவிலும் உள்ளதை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருளர் குடியிருப்பிலும் முகாமிலும் உள்ள பிள்ளைகளுக்கும் சான்றிதழ் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். நம்மைப் பிரித்தவை நிலமும் எல்லைக்கோடும் ஏடுமே என்று கண்டோம். அந்த ஏட்டைப் படிக்கவும் திருத்தவும் வல்லவராக நம்மை ஆக்குவது கல்வி. இக்கழகம் தோன்றிய நோக்கமும் அதுவே.